‘அகாடமி’ போர்டை பார்த்து பணம் கட்டலாமா? கடற்கரை கால்பந்து பையன்களுக்கு ‘ரிசர்வ்’ அணி திறக்கும் கதவு: ஒரு அலசல்

ஏர்வாடி:-

வெயில் தாழ்ந்தால் போதும். ஏர்வாடி கடற்கரை மணலில் பையன்கள் பந்தோடு இறங்கி விடுவார்கள். வெறும் கால்தான். கோல் போஸ்டுக்கு இரண்டு செருப்பு, இல்லாவிட்டால் இரண்டு கம்பு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமும் இதே கதைதான்.

ஏப்ரல் 15-ந்தேதி மீன்பிடி தடைக்காலம் தொடங்கி விட்டால் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பள்ளிக்கூடமும் லீவு. இந்த சமயம் பார்த்துத்தான் கோடைகால பயிற்சி முகாம் நோட்டீசுகளும் செல்போன்களில் வலம் வரும்.

“கால்பந்து அகாடமி”, “புரொபஷனல் கிளப்புக்கு செலக்‌ஷன்”, “சீக்கிரம் பதிவு செய்யவும்” என்று எழுதி இருப்பார்கள். பையன் கண்ணை கசக்குவான். அப்பா கையை பிசைவார்.

தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் ரூ.8 ஆயிரம். 2023-ம் ஆண்டு மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் உயர்த்தி அறிவிக்கப்பட்ட தொகை இது. அதில் இருந்து முகாம் கட்டணம், பூட்ஸ், ஜெர்சி, பஸ் செலவு என்று எடுத்தால் வீட்டில் உலை வைக்க என்ன மிஞ்சும்?

அப்படி காசு கட்டினாலும் அந்த வழி பெரிய கிளப் வரை போகிறதா? இல்லை, பாதியிலேயே நின்று விடுகிறதா?

இந்த கேள்விக்கு பதில் நட்சத்திர வீரர்களிடம் இல்லை. டி.வி.யில் காட்டாத இரண்டாம் அணியிடமும், 13 வயது, 15 வயது, 18 வயது பையன்களின் அணிகளிடமும்தான் இருக்கிறது. ‘ரிசர்வ்’ அணி, ‘பி’ டீம், ‘யூத்’ அணி என்று சொல்வது இவற்றைத்தான்.

மூன்றும் ஒன்று அல்ல

பெரும்பாலான பெற்றோர் குழம்பும் இடம் இதுதான். ஒரே கிளப் பெயரில் மூன்று விதமான கடை இருக்கும்.

முதலாவது, ‘சாக்கர் ஸ்கூல்’. காசு கட்டினால் யாரும் சேரலாம். வாரத்தில் இரண்டு, மூன்று நாள் பயிற்சி கொடுப்பார்கள். டியூஷன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு உடம்புக்கு நல்லது, பந்தும் பழகும். ஆனால் இதில் சேர்ந்து விட்டாலே கிளப்பின் வீரர் ஆகி விட்டதாக அர்த்தம் கிடையாது.

இரண்டாவது, நிஜமான அகாடமி. இங்கே தேர்வு வைத்துத்தான் எடுப்பார்கள். பல இடங்களில் தங்க இடம், சாப்பாடு, படிப்பு எல்லாம் உண்டு. 13, 15, 18 வயதுக்கு உட்பட்டோர் என்று தனித்தனி அணி இருக்கும். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் நடத்தும் இளைஞர் லீக்கில் கிளப் சட்டை போட்டு ஆடுவார்கள்.

மூன்றாவது, ரிசர்வ் அணி. 18 முதல் 21 வயது வரை உள்ளவர்கள்தான் இதில் அதிகம். கிளப்போடு ஒப்பந்தம் போட்டு ஆடுவார்கள். முதல் அணியில் ஒருவருக்கு காயம் என்றால் இங்கிருந்துதான் ஆள் எடுப்பார்கள்.

கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவை இல்லை. கரைவலை இழுத்து பழகிய பையன் வல்லத்தில் ஏறுவான். வல்லத்தில் தேறியவனைத்தான் விசைப்படகில் தங்குகடலுக்கு கூட்டிப் போவார்கள். கரையில் இருந்தவனை நேராக தங்குகடலுக்கு ஏற்றினால் என்ன ஆகும்?

கால்பந்திலும் அப்படித்தான். 16 வயதில் ஊரையே கலக்கிய பையன், 22 வயதில் காணாமல் போவதற்கு காரணம் பெரும்பாலும் திறமைக்குறைவு அல்ல. நடுவில் ஏறி பழக வல்லம் இல்லாததுதான்.

பக்கத்து மாவட்டத்து பையன் காட்டிய வழி

இதற்கு நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் காரைக்குடி அருகே கண்டனூர். அந்த ஊர்க்காரர்தான் சிவசக்தி நாராயணன்.

இந்திய அணியின் முன்னாள் வீரர் ராமன் விஜயன் நடத்தும் கால்பந்து பள்ளியில் பயிற்சி பெற்றார் சிவசக்தி. அங்கிருந்து பெங்களூரு எப்.சி. கிளப்புக்கு போனார். போனதும் நேராக சுனில் சேத்ரி பக்கத்தில் நிறுத்தி விடவில்லை. முதலில் ரிசர்வ் அணியில்தான் ஆட விட்டார்கள். அங்கே கோல் அடித்து காட்டிய பிறகுதான் முதல் அணி கதவு திறந்தது.

2022 செப்டம்பர் 18-ந்தேதி கொல்கத்தாவில் டுரண்ட் கோப்பை இறுதிப்போட்டி. எதிரணி மும்பை சிட்டி. 11-வது நிமிடத்தில் பெங்களூருவுக்கு முதல் கோலை அடித்தவர் இந்த கண்டனூர் பையன்தான். 2-1 என்று பெங்களூரு கோப்பையை தூக்கியது.

அடுத்து 2022-23 ஐ.எஸ்.எல். தொடரில் 6 கோல். அந்த ஆண்டின் சிறந்த வளரும் வீரர் விருதும் அவருக்கே.

சேத்ரி போன்ற ஒரு பெரிய வீரர் இருக்கும் கிளப்பில் 21 வயது பையனுக்கு இடம் கிடைத்தது எப்படி? ரிசர்வ் அணி என்ற படி அங்கே உடையாமல் இருந்தது. அவ்வளவுதான் ரகசியம்.

பெங்களூரு போட்ட கணக்கு

பெங்களூரு எப்.சி. 2017-ம் ஆண்டு பல்லாரி மாவட்டம் விஜயநகரில் தங்கிப் படிக்கும் அகாடமியை தொடங்கியது. அதற்கு மேல் ரிசர்வ் அணி. அந்த அணியை பெங்களூரு உள்ளூர் லீக்கிலும் ஆட விட்டார்கள்.

2022-ம் ஆண்டு ரிலையன்ஸ் பவுண்டேஷன் ‘டெவலப்மென்ட் லீக்’ என்ற புதிய போட்டி கோவாவில் தொடங்கியது. பெரும்பாலும் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி இது. முதல் ஆண்டில் 8 அணிகள். 7 ஐ.எஸ்.எல். கிளப்களின் இளைஞர் அணிகள், அவற்றோடு ரிலையன்சின் சொந்த அகாடமி அணி. சென்னையின் எப்.சி.யும் இதில் ஆடியது.

கோப்பையை வென்றது பெங்களூரு. இரண்டாம் இடம் கேரளா பிளாஸ்டர்ஸ். இந்த இரண்டு அணி பையன்களும் அதே ஆண்டு ஜூலையில் இங்கிலாந்துக்கு போய் அங்குள்ள பிரீமியர் லீக் கிளப்களின் இளைஞர் அணிகளோடு மோதினார்கள். 2023-ம் ஆண்டும் பெங்களூருதான் சாம்பியன்.

இந்த லீக் வருவதற்கு முன்பு 19, 20 வயது வீரர்களின் பாடு திண்டாட்டம்தான். இளைஞர் லீக் ஆட வயது தாண்டி விடும். முதல் அணியில் இடம் கிடைக்காது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தே ஒரு சீசன் ஓடி விடும்.

ஒரு சீசனில் எத்தனை போட்டி ஆடினான் என்பதுதான் இந்த வயது வீரனுக்கு சம்பளத்தை விட முக்கியம். மைதானத்தில் பயிற்சி எத்தனை மணி நேரம் எடுத்தாலும் நிஜப் போட்டிக்கு அது ஈடாகாது.

சென்னை அணியின் கதை என்ன?

தமிழ்நாட்டு ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் சென்னையின் எப்.சி. 2014-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. நடிகர் அபிஷேக் பச்சன், வீட்டா டானி, கிரிக்கெட் வீரர் டோனி ஆகியோர் இதன் உரிமையாளர்களாக அறியப்பட்டவர்கள்.

2015-ம் ஆண்டு கோவாவில் எப்.சி. கோவாவை 3-2 என்று சாய்த்து முதல் கோப்பை. 2018 மார்ச்சில் பெங்களூருவிலேயே பெங்களூரு அணியை 3-2 என்று வீழ்த்தி இரண்டாவது கோப்பை. 2019-20-ல் இறுதிப்போட்டி வரை வந்து ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றது.

இரண்டாவது கோப்பை வென்ற அணியில் வடசென்னை வியாசர்பாடியில் இருந்து வந்த தனபால் கணேஷ் ஆடினார். 18 வயதில் 2016-ம் ஆண்டு சேர்ந்த அனிருத் தாபாவும் ஆடினார். டேராடூன் பையனான அவர் அகில இந்திய சம்மேளனத்தின் அகாடமியில் தேறி வந்தவர். பிறகு சென்னை அணிக்கே கேப்டன் ஆனார்.

கோப்பை வென்ற அதே 2017-18 சீசனில்தான் சென்னையின் ‘பி’ அணி ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் களம் இறங்கியது. பெங்களூரு, கேரளா, கோவா, டெல்லி, ஜாம்ஷெட்பூர், புனே கிளப்களும் தங்கள் ‘பி’ அணிகளை அனுப்பின. சாம்பியன் ஆனாலும் இந்த அணிகளுக்கு மேல் டிவிஷனுக்கு போக அனுமதி கிடையாது. பையன்களுக்கு ஆட்டம் கிடைக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம்.

ஐ.எஸ்.எல். தொடரில் 2021-22 சீசன் முதல் ஒரு அணியில் ஒரே நேரத்தில் 4 வெளிநாட்டு வீரர்களுக்கு மேல் ஆட முடியாது என்று விதி வந்தது. அதாவது குறைந்தது 7 இந்தியர்கள் களத்தில் இருந்தே ஆக வேண்டும். உள்ளூர் பையன்களுக்கு இதைவிட நல்ல நேரம் எது?

ஆனால் அந்த 7 பேரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் கிளப்புக்கு கிளப் வித்தியாசம். ஒரு கிளப் தன் வீட்டு தோட்டத்தில் விளைய வைக்கிறது. இன்னொரு கிளப் சந்தையில் விலை கொடுத்து வாங்குகிறது. சந்தையில் வாங்குவது சுலபம். ஆனால் பணம் வற்றினால் அந்த கிளப்புக்கு மறுநாள் சமைக்க ஒன்றும் இருக்காது.

2025-ல் விழுந்த இடி

பணம் வற்றியதை 2025-ம் ஆண்டு நாடே பார்த்தது.

அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2010-ம் ஆண்டு 15 ஆண்டுகளுக்கு ஒரு வணிக உரிமை ஒப்பந்தம் போட்டது. மதிப்பு ரூ.700 கோடி. இந்த ஒப்பந்தத்தின் மேல்தான் ஐ.எஸ்.எல். என்ற மாளிகையே நின்றது. ஒப்பந்தம் முடியும் நாள் 2025 டிசம்பர் 8.

அதை புதுப்பிப்பதில் இழுபறி ஏற்பட்டது. அடுத்த சீசனை நிறுத்தி வைப்பதாக 2025 ஜூலையில் போட்டி அமைப்பாளர்கள் கிளப்களுக்கு தகவல் அனுப்பினார்கள். அவ்வளவுதான், கிளப்கள் ஆடிப்போயின.

ஆகஸ்டு மாதம் பெங்களூரு எப்.சி. தனது முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. சென்னையின் எப்.சி.யும் கிளப் செயல்பாடுகளை தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாக அறிவித்தது.

இந்த இடத்தில் ஒன்றை உன்னிப்பாக கவனிக்க வேண்டும். பெங்களூரு வெளியிட்ட அறிக்கையில், இளைஞர் அணிகளையும் சாக்கர் ஸ்கூல்களையும் இந்த முடிவு பாதிக்காது என்று தனியாக சொல்லப்பட்டு இருந்தது. முதல் அணிக்கே சம்பளம் இல்லை என்ற நேரத்திலும் ‘விதைநெல்லை விற்க மாட்டோம்’ என்கிற மாதிரி ஒரு முடிவு அது.

பிறகு மத்திய விளையாட்டுத்துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா தலையிட்டார். 14 கிளப்களுடன் 2026 பிப்ரவரி 14-ந்தேதி ஐ.எஸ்.எல். தொடங்கும் என்று ஜனவரியில் அறிவிப்பு வந்தது. சொந்த மண்ணிலும் வெளியூரிலும் இரண்டு முறை மோதும் பழைய முறை போய், ஒரு அணியுடன் ஒரே ஆட்டம் என்று 91 போட்டிகளாக சீசன் சுருங்கியது.

சுருங்கிய சீசன் என்றால் டிக்கெட் வருமானம் குறையும். விளம்பர பணம் குறையும். செலவை வெட்ட வேண்டிய நிலை எந்த கிளப்புக்கும் வரும். முதலில் கத்தி எங்கே விழும்?

கோல் அடிக்கும் வெளிநாட்டு வீரரை வெட்டினால் ரசிகர்கள் கத்துவார்கள். 15 வயது அணியை கலைத்தால் பேப்பரில் ஒரு வரி கூட வராது. அதனால்தான் உலகம் முழுக்க பண நெருக்கடி வந்தால் முதல் ஆபத்து சின்ன பையன்களின் அணிக்கு என்று சொல்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் பையனுக்காவது வேறு கிளப், வேறு மைதானம் என்று மாற்று வழி உண்டு. சென்னையில் இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் ஏர்வாடி பையனுக்கு? தேர்வுக்கு வரும் ஆட்களின் பயணப்படி நின்றாலே போதும், தெற்கு மாவட்டங்களின் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கோப்பை வென்றும் காணாமல் போன அணி

“பெரிய கிளப் என்றால் சாயவா போகிறது?” என்று நினைப்பவர்கள் சென்னை சிட்டி எப்.சி. கதையை தெரிந்துகொள்ள வேண்டும்.

கோவை நேரு ஸ்டேடியத்தை சொந்த மைதானமாக வைத்து ஐ-லீக் ஆடிய அணி இது. 2019 மார்ச் 9-ந்தேதி கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சாம்பியன் ஆனது. ஈஸ்ட் பெங்காலை விட ஒரே ஒரு புள்ளி அதிகம். 43-க்கு 42. தமிழ்நாடே கொண்டாடியது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்து நாட்டின் பிரபல பாசல் கிளப் இதில் 26 சதவீத பங்கை வாங்கியது.

இந்த அணி தமிழ்நாட்டு வீரர்களுக்கு கை கொடுத்தது. எட்வின் சிட்னி வன்ஸ்பால் இங்கே ஆடித்தான் சென்னையின் எப்.சி.க்கு போனார். நந்தகுமார் சேகரும் இந்த சட்டையை போட்டவர். பிறகு ஒடிசா, ஈஸ்ட் பெங்கால் என்று போய் இந்திய அணிக்கும் ஆடினார்.

குமரி மாவட்ட கடற்கரை கிராமமான இரவிபுத்தன்துறையை சேர்ந்த மைக்கேல் சூசைராஜ், 2017-18 சீசனில் சென்னை சிட்டிக்கு ஆடித்தான் நாடு முழுக்க பெயர் வாங்கினார். பிறகு ஜாம்ஷெட்பூர், அதன் பிறகு ஏ.டி.கே. 2019-20-ல் சென்னையின் எப்.சி.யை தோற்கடித்து கோப்பை வென்ற ஏ.டி.கே. அணியில் இந்த மீனவ கிராமத்து வீரரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படிப்பட்ட சென்னை சிட்டி அணி 2020-21 சீசனுக்கு பிறகு ஐ-லீக்கில் இல்லை. சாம்பியன் ஆகி மூன்று ஆண்டு கூட முழுசாக ஆகவில்லை. கதவு மூடிக்கொண்டது. வீரர்களில் பெரிய பெயர் எடுத்தவர்கள் வேறு கிளப்புக்கு தாவி விட்டார்கள். அவர்களுக்கு பின்னால் வரிசையில் நின்ற பெயர் தெரியாத பையன்களுக்கு அந்த படியே இல்லாமல் போனது.

கோப்பை அலமாரியில் இருக்கும். படி உடைந்தால் அடுத்த சூசைராஜ் எந்த வழியாக வருவார்?

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா கிளப்பின் அகாடமி பெயர் ‘லா மாசியா’. 1979-ல் தொடங்கியது. 13 வயதில் அர்ஜென்டினாவில் இருந்து வந்த மெஸ்சி அங்கேதான் வளர்ந்தார். அவரே கூட ‘சி’ அணி, ‘பி’ அணி என்று படிப்படியாக ஏறித்தான் முதல் அணிக்கு வந்தார்.

2010-ம் ஆண்டுக்கான உலகின் சிறந்த வீரர் விருதுக்கு கடைசி சுற்றில் நின்ற மூன்று பேர் மெஸ்சி, இனியஸ்டா, சாவி. மூன்று பேருமே இந்த ஒரே அகாடமி பிள்ளைகள். 2024 ஐரோப்பிய கோப்பையில் 16 வயதில் கலக்கிய லமின் யமாலும் இங்கே வளர்ந்தவர்தான். வேறு நாட்டில் இருந்து பிழைக்க வந்த, சாதாரண தொழிலாளர் பகுதியில் குடியிருந்த குடும்பத்து பையன் அவர்.

ஸ்பெயினில் கிளப்பின் ‘பி’ அணி நிஜ லீக்கிலேயே ஆடலாம். இரண்டாம் டிவிஷன் வரை கூட ஏறலாம். முதல் அணி ஆடும் டிவிஷனுக்கு மட்டும் போக முடியாது. 18 வயது பையன் ஒவ்வொரு வாரமும் 30 வயது ஆட்களோடு மோதி உடம்பை தேற்றிக்கொள்கிறான்.

அவர்கள் இதை தர்ம காரியமாக செய்யவில்லை. வியாபார கணக்கும் இருக்கிறது. வளர்த்த பையனை முதல் அணியில் ஆட விடலாம், அல்லது நல்ல விலைக்கு வேறு கிளப்புக்கு கொடுக்கலாம்.

சின்ன கிளப்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு வீரர் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு விலை பேசி மாறும்போது, அந்த தொகையில் 5 சதவீதத்தை அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்களுக்கு பிரித்து கொடுக்க வேண்டும் என்பது பிபா விதி.

ஆனால் யார் வளர்த்தது என்பதற்கு பதிவு வேண்டும். ஊர் கிளப் முறைப்படி பதிவு இல்லை, பையன் பெயரும் எங்கும் பதிவாகவில்லை என்றால் அவன் உலக கோப்பையே ஆடினாலும் ஊருக்கு கைதட்டல் மட்டும்தான் மிச்சம்.

முன்பு வேறு வழி இருந்தது

ஐ.எஸ்.எல். வருவதற்கு முன்பும் தமிழ்நாட்டில் கால்பந்து ஆடி பிழைத்தவர்கள் உண்டு. இந்தியன் வங்கி, ஐ.சி.எப்., தெற்கு ரெயில்வே, போலீஸ், வருமான வரித்துறை என்று அணிகள் இருந்தன. நன்றாக ஆடினால் வேலை. வேலை கிடைத்தால் ஓய்வு பெறும் வரை குடும்பத்துக்கு கவலை இல்லை.

புரொபஷனல் கிளப் ஒப்பந்தம் அப்படி அல்ல. ஒரு ஆண்டு, இரண்டு ஆண்டு, அதிகம் போனால் மூன்று ஆண்டு. முழங்கால் ஒரு தடவை திரும்பினால் முடிந்தது. 2025-ல் நடந்த மாதிரி லீக்கே நின்றால் ஒப்பந்தம் இருந்தும் சம்பளம் வராது.

அதற்காக பழைய வழி முழுசாக அடைபட்டு விடவில்லை. விளையாட்டு வீரர்களுக்கு தமிழக அரசு வேலைவாய்ப்பில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தேர்வானால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். இதற்கான மாவட்ட தேர்வுகள் கோடை காலத்தை ஒட்டித்தான் நடக்கும். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்க ஒரு பைசா செலவு இல்லை.

பெண் பிள்ளைகளை பெற்றவர்களும் இதை படிக்க வேண்டும். ஏர்வாடிக்கு பக்கத்தில் இருக்கும் பெரிய கிளப் ஆண்கள் கிளப் அல்ல. மதுரையை சேர்ந்த சேது எப்.சி. பெண்கள் அணிதான் அது. 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப்போட்டியில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய பெண்கள் லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாடு பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய பட்டம் வென்றிருக்கிறது. பாசி எடுக்க கடலில் மூழ்கும் தாய்மார்களின் ஊரில், மூச்சுக்கும் தெம்புக்கும் பஞ்சமா என்ன?

பணம் கட்டும் முன் கேளுங்கள்

இனி பெற்றோர் கையில் இருக்கும் விஷயத்துக்கு வருவோம். “அகாடமி” என்று யார் வந்தாலும் இந்த கேள்விகளை தயங்காமல் கேட்க வேண்டும்.

1. இது கிளப் நேரடியாக நடத்துவதா, பெயரை மட்டும் வாங்கி வேறு ஆள் நடத்துவதா? சாக்கர் ஸ்கூலா, தேர்வு வைத்து எடுக்கும் அகாடமியா?

2. பையன் எந்த லீக்கில் ஆடுவான்? ஒரு ஆண்டுக்கு எத்தனை போட்டி? “பயிற்சி கொடுப்போம்” என்று மட்டும் சொன்னால் உஷார்.

3. அகில இந்திய சம்மேளனம் அகாடமிகளை சோதித்து நட்சத்திரம் கொடுத்து தரம் பிரிக்கிறது. இவர்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா? கோச்சிடம் லைசென்ஸ் இருக்கிறதா? காகிதத்தை காட்ட சொல்லுங்கள்.

4. பையன் பெயர் சம்மேளனத்தின் ஆன்லைன் பதிவில் ஏறுமா? எந்த கிளப் பெயரில் ஏறும்? வேறு கிளப் கூப்பிட்டால் விடுவார்களா?

5. காயம் பட்டால் ஆஸ்பத்திரி செலவு யாருடையது?

6. பள்ளிக்கூடம் என்ன ஆகும்? 10-ம் வகுப்பு பரீட்சையை விட சொன்னால் அந்த இடத்தை விட்டு கிளம்பி விடுங்கள்.

7. போன ஐந்து ஆண்டுகளில் இங்கிருந்து எத்தனை பேர் ரிசர்வ் அணிக்கு போனார்கள்? பெயர் சொல்ல முடியுமா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி பேர் கைவிரித்து விடுவார்கள்.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. நவி மும்பையில் 2015 முதல் நடக்கும் ரிலையன்ஸ் பவுண்டேஷன் ‘யங் சாம்ப்ஸ்’ அகாடமியில் தேர்வான பையன்களுக்கு முழு உதவித்தொகை கொடுத்து படிக்க வைக்கிறார்கள். உண்மையில் திறமையை தேடுபவர்கள் பையனுக்காக செலவு செய்வார்கள். பையனிடம் இருந்து பிடுங்க மாட்டார்கள். ‘செலக்‌ஷனுக்கே பெரிய தொகை, செலக்ட் ஆனால் இன்னும் பெரிய தொகை’ என்றால் அங்கே தேடுவது பர்சைத்தான்.

இன்னொரு முக்கியமான விஷயம், பிறப்பு சான்றிதழ். வயது வாரியான போட்டிகளில் முதலில் கேட்பது இதைத்தான். எலும்பு வளர்ச்சியை எக்ஸ்ரே எடுத்து வயதை சோதிக்கும் முறையும் இருக்கிறது. “இரண்டு வயது குறைத்து போட்டால் சான்ஸ் கிடைக்கும்” என்று யாராவது ஆசை காட்டினால் நம்பி விடக்கூடாது. மாட்டினால் தடை பையனுக்குத்தான். ஆசை காட்டியவருக்கு ஒன்றும் ஆகாது.

யார் என்ன செய்யலாம்?

பெரிய கிளப்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் அகாடமி கட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது மதுரையிலோ ராமநாதபுரத்திலோ இலவச தேர்வு நடத்தலாம். ஏர்வாடியில் இருந்து மதுரைக்கு பஸ்சில் போய் வருவதும், சென்னைக்கு போய் லாட்ஜ் எடுத்து தங்குவதும் ஒன்றல்ல.

லைசென்ஸ் கொடுக்கும்போது இளைஞர் அணி இருக்கிறதா என்று ஆசிய கால்பந்து கூட்டமைப்பின் விதிப்படி கிளப்களிடம் கேட்கிறார்கள். காகிதத்தில் அணி இருந்தால் மட்டும் போதாது. அந்த அணி ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடியது, அதில் சொந்த மாநில பையன்கள் எத்தனை பேர், எத்தனை பேர் மேலே ஏறினார்கள் என்று கிளப்கள் வெளிப்படையாக சொன்னால் ரசிகர்களுக்கும் பெற்றோருக்கும் உண்மை தெரியும்.

மாவட்ட அளவில் 13, 15 வயது பையன்களுக்கு மாதக்கணக்கில் நடக்கும் லீக் வேண்டும். லீவில் இரண்டு நாள் நடக்கும் நாக்-அவுட் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்றவன் வீட்டுக்கு போய் விடுகிறான். கோப்பை அளவில் பெரியதாக இருக்கிறது. ஆட்டம்தான் கிடைப்பதில்லை. செவன்ஸ் போட்டிக்கு பரிசுத்தொகை கொடுக்கும் ஊர் பெரியவர்களும், வெளிநாட்டில் இருந்து நன்கொடை அனுப்பும் வாலிபர்களும் அதில் ஒரு பகுதியை இப்படி ஒரு லீக்குக்கு திருப்பினால், பத்து பந்தும் ஒரு லைசென்ஸ் வாங்கிய உள்ளூர் கோச்சும் கிடைக்கும்.

ஊர் கிளப்களும் நோட்டு போட்டு எழுத பழக வேண்டும். யார், எந்த ஆண்டு, எந்த வயதில், எத்தனை போட்டி ஆடினான் என்று பதிவு இருந்தால் நாளைக்கு தேர்வாளர் வரும்போது காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

கண்டனூரில் இருந்து ஒருவர் போயிருக்கிறார். இரவிபுத்தன்துறையில் இருந்து ஒருவர் போயிருக்கிறார். இரண்டு பேருமே எட்டிக் குதித்து போகவில்லை. கால் வைக்க ஒரு படி இருந்தது, ஏறினார்கள். ஐ.எஸ்.எல். கோப்பையை யார் தூக்கினார்கள் என்று பார்ப்பதோடு நில்லாமல், அந்த கிளப்பின் 15 வயது அணியும் ரிசர்வ் அணியும் இந்த ஆண்டு ஆடினதா என்றும் ரசிகர்கள் கேட்க ஆரம்பிக்க வேண்டும். கேட்க ஆள் இல்லாத அணியைத்தான் முதலில் கலைப்பார்கள்.